தார்ப்பாய் போர்த்தினால் துரு நிற்குமா?

ஓட்டம் நின்ற ரயில் பெட்டியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் பலரும் முதலில் அதைத் தார்ப்பாயால் இறுக்கி மூடிவிடுகிறார்கள். கோலாலம்பூர் போன்ற ஊரில் அதுவே பெட்டிக்கு எமன்.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும். இங்கே விடியற்காலையில் அது 90-ஐயும் தாண்டும். 27 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்று ஏறக்குறைய 23 டிகிரிக்குக் குளிர்ந்தால் போதும், நீர் கோக்கத் தொடங்கிவிடும். மேகமில்லாத இரவில் கூரைத் தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. மழையே இல்லாமல் பெட்டி நனைவது இப்படித்தான். தார்ப்பாய் போட்டாலும் இதே கதைதான்: அதன் அடியில் நீர் கோத்துச் சொட்டும், பகல் வெயிலில் ஆவியாகும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே அது வளர்ந்தால் தகடு புடைத்து, ஆணியே தெறித்துவிடும்.

மரப்பெட்டிகளின் பாடு வேறு. பினாங்குக் கொடிமலை ரயிலில் 1923 முதல் 1977 வரை ஓடியவை அப்படிப்பட்டவை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சை அண்டாது. தேக்கின் வைரப்பகுதிக்கு, அதாவது நடுமரத்துக்கு, இயற்கையான எண்ணெய்ப் பசையும் துணை நிற்கும். ஆனால் சன்னல் கீழே இறங்கும் இடுக்கில் மழைநீர் தேங்கினால் அடிச்சட்டம் சத்தமில்லாமல் உளுத்துவிடும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். ஈர மரத்தின் அமிலம் இரும்புத் திருகை அரிக்கும்; அந்தத் துரு திரும்ப மரத்தைக் கெடுக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? உயரமான கூரை, திறந்த பக்கங்கள், அடியில் ஜல்லி. செலவு பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் காற்றோட்டத்துக்கு ஈடான மருந்து இல்லை. சன்னல்களைக் கொஞ்சம் திறந்து கம்பிவலை அடிக்கலாம். புல் மண்டவிடக் கூடாது. கறையான் மண்ணிலிருந்து சக்கரம் வழியாகவே புற்றுக்குழாய் கட்டி ஏறிவிடும். அப்புறம், சில மாதங்களுக்கு ஒருமுறை பெட்டியைக் கொஞ்சம் தள்ளி நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் எடை அழுத்தும் இடத்தில் சக்கர அச்சைத் தாங்கும் பேரிங்கின் மசகு பிதுங்கி விலகி, ஈரம் அங்கே புகுந்துவிடும்.

கோலாலம்பூரின் செந்தூல் ரயில் பணிமனையில் எத்தனையோ தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்த பெட்டிகள் இவை. அவற்றைப் புதுப்பிக்க முன்வரும் இளைஞர்கள் பழைய வண்ணத்தைக் காய்ந்த நிலையில் உரசி எடுக்க வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம். நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு சுரண்டுங்கள்.