பேசாமல் இருக்கவும் வாய் திறந்து சொல்ல வேண்டும்

அமெரிக்காவில் கைதானவரை விசாரிக்கும் முன் போலீஸ் சொல்லியே ஆக வேண்டியவை நான்கு. பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சொல்வது கோர்ட்டில் உங்களுக்கு எதிராக வரலாம். வக்கீலை உடன் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லையென்றால் அரசே ஒருவரை அமர்த்தித் தரும். 1966-ல் மிராண்டா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. இதைச் சொல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த உரிமையை நாமே விட்டுக்கொடுக்கவும் முடியும். படிவத்தில் கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் புரியும். தெரியாமல் கைநழுவிப் போவதுதான் கவலை தருகிறது.

மிச்சிகனில் நடந்த ஒரு கொலை வழக்கில் தாம்ப்கின்ஸ் என்பவரை விசாரித்தார்கள். உரிமைகள் புரிந்தன என்று படிவத்தில் கையெழுத்திட அவர் மறுத்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. கடைசியில் விசாரணை அதிகாரி, கடவுளை நம்புகிறாயா என்று கேட்டார். ஆம் என்றார். அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக் கடவுளிடம் வேண்டுகிறாயா என்றதற்கும் ஆம் என்றார். அந்த 'ஆம்' செல்லும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உரிமையைப் புரிந்துகொண்டவர் தானாகப் பதில் சொன்னாலே அதை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். பேச விருப்பமில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது பெரும்பான்மையினர் கருத்து. மௌனத்தைக் காக்க ஒருவர் பேச வேண்டியிருக்கிறதே என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். எனக்கும் அவர் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் நடைமுறையில் இருப்பது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அங்கே வாழும் நம்மவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதிகாரி கேட்டுப் பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். அதோடு, இந்தியாவில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாகச் சாட்சியமாகாது. அமெரிக்காவில் ஆகும்.

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: "நான் பேச விரும்பவில்லை. எனக்கு வக்கீல் வேண்டும்." 'வக்கீலிடம் பேசினால் நல்லதோ என்னவோ' என்று இழுத்தால் போதாது, 1994-ல் டேவிஸ் வழக்கில் அப்படிச் சொன்னதைத் தெளிவான கோரிக்கையாக நீதிமன்றம் ஏற்கவில்லை. தெளிவாகக் கேட்டுவிட்டால், வக்கீல் வரும்வரை கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டும். அதன்பின் நீங்களாகவே வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

ஆங்கிலம் சரியாகப் புரியவில்லையென்றால் தலையாட்டாதீர்கள், எதிலும் கையெழுத்திடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பேசத் தொடங்கிவிட்டாலும் நடுவில் நிறுத்தலாம். அதுவரை சொன்னது மட்டும் பதிவில் இருக்கும்.