லேசரில் வைக்கும் முன் அது என்ன ஷீட் என்று கேளுங்கள்

லேசர் ஒளியால் ஷீட்டை வெட்டும் மெஷினும் 3டி பிரிண்டரும் உள்ள எங்கள் லேபில் முதல் பிராஜெக்டை முடிக்கும் மாணவர்களிடம் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொல்வோம். என்ன செய்தீர்கள், எங்கே சிக்கல் வந்தது, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்று மூன்றே கேள்விகள்தான். செய்வது பெரும்பாலும் பென் ஸ்டாண்டாகவோ விளக்குக் கூடாகவோ ஆணியும் பசையும் இல்லாமல் பொருந்தி நிற்கும் சின்னப் பெட்டியாகவோ இருக்கும். டிசைன் போட்ட விதம், பவர், ஸ்பீடு எல்லாம் குறிப்பில் விரிவாக வந்துவிடும். எதில் வெட்டினார்கள் என்ற இடத்தில் மட்டும் பல பேர் ‘பிளாஸ்டிக் ஷீட்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். லேசர் கட்டிங்கில் ஆபத்து இருப்பதே அந்த இடத்தில்தான்.

கடையில் சன்போர்டு என்று கேட்டால் தரும் வெள்ளைப் பலகையை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் மாடல் செய்த நாளிலிருந்து பழகியது, விலையும் குறைவு, பிளேடிலேயே அழகாக வெட்டலாம். அதனால் முதல் பிராஜெக்டுக்கு அதைத்தான் கையோடு கொண்டு வருகிறார்கள். அது பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் நுரையில் செய்தது. பிவிசியில் குளோரின் இருக்கிறது. லேசர் பட்டதும் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். ஈரம் பட்டால் அந்த வாயு ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. மெஷினையும் அது விடாது. லென்ஸ், கண்ணாடிகள், லேசர் தலை நகரும் தண்டவாளம் என்று உலோகமும் ஒளியும் சேரும் எல்லா இடத்தையும் அரிக்கும். ரெக்சின், வினைல் ஸ்டிக்கர் இரண்டும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். பர்ஸ் செய்கிறேன் என்று ரெக்சினோடு வருபவர்களை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

சந்தேகமான துண்டுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. செம்புக் கம்பியைக் குறட்டில் பிடித்து, சுடரில் நிறம் எதுவும் வராத அளவுக்குப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அதைப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கலாம், அந்த ஷீட் வேண்டாம். திறந்த வெளியில், லேப் பொறுப்பாளர்தான் இதைச் செய்ய வேண்டும். பச்சை வரவில்லை என்பதற்காக உடனே வெட்டிவிடவும் கூடாது. ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது, ஆனால் அது உருகி ஒட்டும், அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் வரும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் பார்வைக்கு அச்சு அசல் அக்ரிலிக் பிளாஸ்டிக் போலவே இருக்கும். லேசரில் வைத்தால் கருகிப் புகை கக்கும். ஓரத் துண்டை வளைத்துப் பார்த்தால் பாலிகார்பனேட் நன்றாக வளைந்து கொடுக்கும், அக்ரிலிக் பட்டென்று முறிந்துவிடும். என்னைக் கேட்டால் முதல் பிராஜெக்டுக்கு அக்ரிலிக், எம்டிஎஃப் (மர இழைகளைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை), அட்டை இந்த மூன்றும் போதும்.

எம்டிஎஃப் மரம்தானே என்று புகையை அலட்சியப்படுத்தக் கூடாது. மர இழைகளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின். மெஷினுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு எக்ஸாஸ்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் இடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அறையில் ஒரு சீலிங் ஃபேன் சுற்றுவதை எக்ஸாஸ்ட் என்று சொல்ல முடியாது. புகை குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போகும் வரை அந்த மெஷினை ஓட்டக் கூடாது.

சரி, ஷீட் பாதுகாப்பானதுதான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறமும் பெட்டி ஏன் பொருந்துவதில்லை? இதற்கும் ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும். 3 மி.மீ. என்று வாங்கியதை வெர்னியர் காலிபரில் வைத்தால் 2.8 காட்டும், இன்னொரு கடையில் வாங்கியது 3.1 காட்டும். இதோடு லேசர் எரித்துத் தின்னும் அகலம் வேறு இருக்கிறது. அதைக் கெர்ஃப் என்கிறோம். கண்டுபிடிக்க எளிய வழி: 100 மி.மீ. அகலமுள்ள செவ்வகத்தைப் பத்து சம பட்டைகளாக வரைந்து வெட்டி, பட்டைகளை இறுக்கிச் சேர்த்து அளந்து பாருங்கள். 98.2 வந்தால் குறைந்தது 1.8. பத்தால் வகுத்தால் கெர்ஃப் 0.18 மி.மீ. ஷீட்டின் அசல் தடிமன் 2.9 என்றால், அது நுழையும் பள்ளத்தை 2.72 என்று வரைய வேண்டும். வெட்டியதும் பள்ளம் 2.9 ஆகிவிடும். இன்னும் இறுக்கம் வேண்டும் என்றால் ஒரு துளி குறைத்து, பெரிய ஷீட்டைத் தொடும் முன் சின்னத் துண்டில் வெட்டிப் பாருங்கள். இப்படி மெஷின்களால் பொருள் செய்யக் கற்றுத்தரும், உலகம் முழுக்க நடக்கும் ஃபேப் அகாடமி படிப்பில் கணினிக் கட்டிங் வாரத்தின் குழுப் பயிற்சியே, தங்கள் லேசரின் ஃபோகஸ், பவர், ஸ்பீடு, கெர்ஃப் எல்லாவற்றையும் அளந்து பதிவதுதான். ஒவ்வொரு புது ஷீட்டுக்கும் அந்த அக்கறையைக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று தீ. மெஷின் ஓடும்போது டீ குடிக்கப் போகாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். அக்ரிலிக்கும் அட்டையும் நின்று எரியும், சில நொடிகளில் சுடர் மேலேறிவிடும். கை எட்டும் தூரத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருக்கட்டும். பவுடர் வகையும் தீயை அணைக்கும், ஆனால் அந்தப் பவுடர் லென்ஸிலும் தண்டவாளத்திலும் புகுந்து மெஷினை முடக்கிவிடும். ஆளுக்கு ஆபத்து என்றால் எது கையில் இருக்கிறதோ அதை அடியுங்கள். மெஷினை அப்புறம் பார்க்கலாம்.

3டி பிரிண்டிலும் பொருளைக் கவனிக்க வேண்டும். அதில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அதில் செய்த போன் ஸ்டாண்டை நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்தால் சாய்ந்துவிடும்.

ஆகவே பிராஜெக்ட் முடிந்து குறிப்பு எழுதும்போது பொருளின் முழுப் பெயர், வாங்கிய கடை, காலிபரில் அளந்த தடிமன், கெர்ஃப், பிறகுதான் பவரும் ஸ்பீடும் என்ற வரிசையில் எழுதுங்கள். கடைக்காரருக்குப் பெயர் தெரியவில்லை என்றால் அந்த ஷீட்டை வாங்காதீர்கள். மிஞ்சிய துண்டுகளைக் கழிவுப் பெட்டியில் போடும் முன் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் பொருளின் பெயரை எழுதுங்கள். செலவை மிச்சம் பிடிக்க அந்தப் பெட்டியில் கை விடப்போவது பெரும்பாலும் அடுத்து வரும் புது மாணவர்தான். பெயர் இல்லாத துண்டு எதையும் அவர் லேசரில் வைக்க எங்கள் லேபில் அனுமதி இல்லை.