கடலில் இரை, காட்டில் முட்டை

1974 ஆகஸ்ட் மாதம். கலிஃபோர்னியாவின் பிக் பேசின் ரெட்வுட்ஸ் பூங்காவில், கூடாரங்கள்மேல் முறிந்து விழக்கூடிய கிளைகளை வெட்ட ஒரு தொழிலாளி டக்ளஸ் ஃபிர் மரத்தில் ஏறினார். தரையிலிருந்து 45 மீட்டர் உயரத்தில், பாசி மூடிய கிளையில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. வாத்தைப் போலக் கால் விரல்களுக்கு நடுவே சவ்வு! நீந்துகிற பறவைக்கு மரத்தில் என்ன வேலை?

அது மார்பிள்டு மர்லெட்டின் குஞ்சு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வாழும் இந்தப் பறவைக்கு 1789இலேயே அறிவியல் பெயர் சூட்டிவிட்டார்கள். கரையோரக் கடலில் கண்ணெதிரே மிதந்த பறவைதான். ஆனால் கலிஃபோர்னியா, ஆரிகன் பக்கம் அது எங்கே முட்டையிடுகிறது என்பது மட்டும் 185 ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. மரம் வெட்டுவோர் விடியற்காலைப் பனிமூட்டத்துக்குள் அதன் 'கீர் கீர்' குரலைக் கேட்டு 'மூடுபனி வானம்பாடி' என்று அழைத்தார்களாம். குரலுக்கு உரியது கடற்பறவை என்று யாருக்குத் தோன்றும்?

அதற்கு மரத்தில் என்ன வேலை என்பதற்கான விடை அதன் சிறகில் இருக்கிறது. சுமார் 25 செ.மீ. நீளம், கால் கிலோவுக்கும் குறைந்த எடை. உடலோடு ஒப்பிட்டால் சிறகு குட்டை. மர்லெட் நீருக்குள் சிறகடித்தே மீனைத் துரத்துகிறது. அங்கே நீண்ட சிறகு தடைதான். அதற்கான விலையைக் காற்றில் கொடுக்கிறது: படபடவென்று சிறகடித்து வேகமாகப் பறந்தால்தான் கீழே விழாமல் இருக்கும். மெல்ல வந்து அமர வராது. கிளைக்குக் கீழிருந்து மேல்நோக்கி எழும்பி, வேகம் தணிகிற நொடியில் கிளையைப் பிடிக்கிறது. கிளம்பும்போது கீழே பாய்ந்து வேகம் எடுக்கிறது. எனவே கிளை உயரத்தில் இருக்க வேண்டும், தடிமனாக இருக்க வேண்டும், மெத்தை போலப் பாசியும் வேண்டும். அப்படிப்பட்ட கிளை பெரும்பாலும் நூற்றாண்டுகள் கண்ட மரத்தில்தான் இருக்கும்.

கூடு என்று தனியாக எதுவும் இல்லை. பாசியில் ஒரு குழிவு, ஒரே முட்டை. தாயும் தந்தையும் 24 மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி அடைகாக்கின்றன. முறை மாறுவது விடியலுக்கு முந்தைய அரையிருளில். பிறகு பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலிலிருந்து குஞ்சுக்கு ஒவ்வொரு மீனாகக் கவ்வி வருகின்றன. குஞ்சு வாரக்கணக்கில் அசையாமல், பாசியோடு பாசியாகக் கிடக்கிறது. பறக்கும் நாள் நெருங்கியதும் உடலை மறைத்த தூவியைத் தானே பிடுங்கி எறிகிறது. ஒரு அந்தியில், முன்பின் பறந்தறியாத அது தனியாகக் கடலை நோக்கிப் பாய்கிறது.

பழைய காடுகள் வெட்டப்பட்டதால் கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் 1992இல் இதை அருகிவரும் பறவைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். மிஞ்சிய காட்டிலோ வேறொரு தொல்லை. சுற்றுலாப் பயணிகள் சிந்தும் ரொட்டித் துண்டுக்கு ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் கூடுகின்றன. வந்தவை மர்லெட் முட்டையையும் தின்றுவிடுகின்றன. அதனால்தான் அந்த வட்டாரப் பூங்காக்களில், சாப்பிட்ட மேசையில் ஒரு துணுக்குகூட விடாமல் துடைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.