‘ஒரு பிடிப்பே இல்லை’ என்பவர்களுக்கு ஒரு மியூசியம் நாள்

படிப்பு முடிந்து வேலை அமையாதவர், வேலை இருந்தும் மனம் ஒட்டாதவர், பணி ஓய்வு பெற்றவர் என யார் ஆலோசனைக்கு வந்தாலும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “ஒரு பிடிப்பே இல்லை.” வீட்டிலோ, “ஏதாவது ஒரு குறிக்கோள் வைத்துக்கொள்” என்பார்கள். சோர்ந்த மனத்திடம் வாழ்க்கையின் குறிக்கோளைக் கேட்டால் அது பதில் தேடாது. பழைய தோல்விகளைத்தான் அசைபோடும். அதனால் கேள்வியைச் சிறிதாக்குகிறோம்: இந்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே போவது? தோன்றினால் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. இந்த நிலையில் முதலில் செயல், ஆர்வம் பிறகுதான் வரும்.

கடற்கரைக்குப் போனால் போதாதா என்று கேட்பார்கள். போகலாம், ஆனால் அலையைப் பார்த்தபடியே அதே கவலையை மணிக்கணக்கில் ஓட்டவும் முடியும். மியூசியத்தில் கண்முன் இருக்கும் பொருள் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும். யாரிடமும் பேச வேண்டியதில்லை, எதையும் சாதிக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியில் பாரதி பூங்கா அருகிலுள்ள அருங்காட்சியகம் இதற்குத் தோதானது. கடலூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கிளம்பும் முன் ஒரு சிறு நோட்டில், மனநிலைக்கு 0 முதல் 10-க்குள் ஒரு மதிப்பெண் போடுங்கள். உள்ளே ஒரு மணி நேரம் போதும். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கண்ணும் காலும் ஓய்ந்து, கடைசி அறைகளில் எதுவும் மனத்தில் பதியாது. ‘மியூசியம் களைப்பு’ என்று இதைப் பற்றி கில்மன் என்பவர் 1916-லேயே எழுதியிருக்கிறார். மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். இது எதனால் ஆனது, யார் கை பட்டது, எனக்குத் தெரியாதது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

எங்கள் சிபாரிசு, புதுச்சேரிக்கு அருகே பழங்காலத் துறைமுகமாக இருந்த அரிக்கமேட்டின் பொருள்கள். தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் 1945-ல் அங்கே அகழ்ந்தபோது, ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் இத்தாலியச் செம்மட்பாண்டச் சில்லுகளும் கிடைத்தன. கண்ணாடி மணிகளோ அங்கேயே செய்யப்பட்டவை. அந்த இடிபாடுகளைப் பற்றி முன்பே எழுதியவர்களில் ஒருவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல். சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் அவர். 1761-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் கடலிலேயே தங்கிப்போனார். ஆடும் கப்பலில் அளக்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து 1769-ல் இங்கே தயாரானபோது, அந்த நேரம் பார்த்து மேகம் மறைத்தது. இதைத் தன்னம்பிக்கைக் கதையாக்கி யாருக்கும் சொல்லாதீர்கள். அவர் அடைந்த ஏமாற்றம் உண்மையானது.

திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் கூட வருபவரால்தான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, “அந்தக் காலத்திலேயே எவ்வளவு சாதிச்சிருக்காங்க பார்” என்று தொடங்கினால் அந்த நாள் போயிற்று. அறிவுரை சொல்லாத ஒருவரைக் கூட்டிப்போங்கள்; இல்லையென்றால் தனியாகவே போகலாம். ஒரே நாளில் அரிக்கமேடு, பாரதி இல்லம், கடற்கரை எல்லாவற்றையும் அடுக்குவதும், ‘இன்றைக்கு ஒரு முடிவெடுத்தே ஆகவேண்டும்’ என்று கிளம்புவதும் அதே பலனைத்தான் தரும்.

வெளியே வந்ததும் பூங்காவில் உட்கார்ந்து மறுபடி மதிப்பெண் போடுங்கள். 3 என்பது 4 ஆனாலே கணக்கில் சேரும். குறித்ததில் ஒரு கேள்விக்கு மூன்று நாளுக்குள் விடை தேடுங்கள். நூலகமோ, அரிக்கமேட்டுக்கு இன்னொரு நாள் பயணமோ, எது வேண்டுமானாலும் சரி.

எந்தப் பொருளும் மனத்தைத் தொடவில்லை, மதிப்பெண்ணும் நகரவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, தூக்கமும் பசியும் மாறியிருந்தால், மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் இப்படியே தோன்றலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். சாகும் எண்ணம் வந்தால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். வீட்டார் அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அது புதிதாக முளைப்பதில்லை. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.