கட்டுக்கம்பித் துண்டும் மாட்டின் நெஞ்சும்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்குக் கிளுவை என்ற முள்செடி வேலி மட்டுமே இருந்த காலத்தில், வேலி வேலை முடிந்தால் மிஞ்சுவது முள்ளும் குச்சியும்தான். இன்று கிளுவையை எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டு முள்கம்பியோ வலைக்கம்பியோ இழுக்கும் தோட்டங்களில், கட்டுக்கம்பியின் வெட்டுத் துண்டுகள் தூணடியிலேயே கிடந்துவிடுகின்றன. கால்நடை மருத்துவனான நான் அவற்றைப் பெரும்பாலும் மாட்டின் வயிற்றுக்குள்தான் பார்க்கிறேன்.

மூன்றாம் ஈற்றுக் கலப்பினப் பசு ஒன்று, கன்று ஈன்ற 12-ஆம் நாள் தீவனத்தை ஒதுக்கியது. பாலும் சட்டென்று குறைந்தது. நான் போனபோது முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை விலாவிலிருந்து அகற்றி நின்றிருந்தது. கழுத்தடியில் தொங்கும் அலைதாடியில் நீர் கோத்திருந்தது. கழுத்து ரத்தக்குழாய் கயிறுபோல் புடைத்திருந்தது. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டால், பாதி நிரம்பிய குடத்தை அசைத்தாற்போல் நீர் சலசலத்தது. அந்தக் கட்டத்தில் மருந்து எதுவும் பெரிதாக உதவாது. பசு இறந்த பின் அறுத்துப் பார்த்ததில், இதயத்தைச் சூழ்ந்த உறை முழுவதும் நாறும் சீழ். அதற்குள் ஒரு முனை முறுக்கியபடி விரல் நீளக் கட்டுக்கம்பி. "வேலி கட்டி எட்டு மாசமாச்சுங்களே டாக்டர்" என்றார் மாட்டுக்காரர்.

எட்டு மாதம் வியப்பல்ல. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடோ நாக்கால் சுருட்டி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். விழுங்கிய கம்பி தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்குகிறது. அதன் முன்சுவருக்கு அப்பால், வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானம், அதையொட்டி இதயம். பல மாதம் சும்மா கிடக்கும் கம்பியை, நிறைசினையில் கருப்பை நெருக்குவதும் ஈனும்போது மாடு முக்குவதும் முன்னே தள்ளிவிடுகின்றன. சோளக்காட்டோரம் விழுந்த நீளக் கம்பியும் சோளத்தட்டோடு சேர்ந்து தட்டு வெட்டும் இயந்திரத்துக்குள் போனால், விழுங்குவதற்கு வாகான துண்டுகளாகிவிடும்.

ஆகவே வேலி வேலைக்குக் கூலி பேசும்போதே, துண்டு பொறுக்குவதும் அந்த வேலையில் சேர்ந்தது என்று பேசிவிடுங்கள். கம்பி வெட்டும் இடத்தில் தார்ப்பாய் விரிப்பதும், தூணில் முறுக்கிய பின் நறுக்கும் நுனியைக் கீழே விடாமல் இடுப்பில் கட்டிய டப்பாவில் போடுவதும் நேரத்தைத் தின்னும் வேலைகள் அல்ல. பழைய முள்கம்பியைக் கழற்றும்போது நறுக்காமல் முழு நீளமாகவே சுருட்ட வேண்டும். கடைசியில், பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலியோரம் இருபுறமும் இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது எவ்வளவு என்று அப்போது தெரியும். சேர்ந்ததைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டால் கொஞ்சம் காசும் வரும். குழி தோண்டிப் புதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த உழவில் ரொட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பை அதை மேலே கொண்டுவந்துவிடும். பிளாஸ்டிக் பூசிய வலையை எரித்துக் கம்பி பிரிப்பதும் வேண்டாம், அந்தப் புகை நுரையீரலைப் பாதிக்கும். இவை முடியும்வரை மாட்டை அந்தப் பக்கம் அவிழ்த்துவிடக் கூடாது.

காரணமில்லாமல் பால் சட்டென்று குறைந்து, மாடு படுக்கத் தயங்கி, சரிவில் இறங்கும்போது முனகினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். கம்பி இதயத்தை எட்டும்முன் என்றால், முன்கால்களை மேடாக்கிக் கட்டிவைத்து மருந்து கொடுத்தோ, வயிற்றின் இடப்பக்கத்தைத் திறந்து கையால் எடுத்தோ காப்பாற்ற முடியும்.

வேலி போட்ட தோட்டத்து மாடுகளுக்கு வாய்வழியே ஒரு காந்தம் செலுத்தி வைப்பதும் நல்ல முன்காப்பு. இரும்புத் துண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு சுவரைக் குத்தாமல் கிடக்கும். செம்பும் அலுமினியமும் ஒட்டாது. ஒரு மாட்டுக்கு ஒரு காந்தம் போதும். சந்தையில் வாங்கிய மாடாக இருந்தால், இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் திசைகாட்டியைப் பிடித்துப் பார்ப்பேன். முள் திரும்பினால் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே போட்டுவிட்டார் என்று கொள்வேன்.