பள்ளித் தோட்டத்துக்கு 5,000 ரூபாய் உண்டு, கேட்டால்தான்

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், ஒன்றியப் பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து கத்தரியும் வெண்டையும் போட்டார். விதை, மண்வெட்டி எல்லாம் சொந்தக் காசு. தட்டில் கத்தரிக்காயைக் கண்டாலே ஒதுக்கிய பிள்ளைகள், தாங்கள் பறித்ததைப் பொரியலில் தேடித் தின்றார்கள். இதற்கு அரசுப் பணம் உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

2019 அக்டோபரில் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கு வழிகாட்டுதல் போட்டது. விதை, உரம், கருவி வாங்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் தரலாம்.

"தரலாம்" என்பதில்தான் சிக்கல். பணம் தானாக வராது. மதிய உணவு நிதியில் புது முயற்சிகளுக்கான 5 சதவீதத்திலிருந்து, மாநிலம் அந்த வருஷத் திட்டத்தில் கேட்டு வாங்கியிருந்தால்தான் வரும். மதிய உணவு நடக்கும் அரசு, உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும்தான். தனியார் பள்ளி அலையவே வேண்டாம். அங்கன்வாடி என்றால் கதையே வேறு, குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் அலைச்சல் எப்படி என்றால், பள்ளி கல்வித்துறையிடம், சத்துணவு சமூக நலத்துறையிடம், நாற்று தோட்டக்கலைத் துறையிடம். தலைமையாசிரியரைக் கேட்டால் சத்துணவு அமைப்பாளரைக் கைகாட்டுவார், அமைப்பாளர் ஒன்றிய அலுவலகம் என்பார், அங்கே போனால் "அது பள்ளிக்கூட சமாச்சாரம் சார்". வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியரின் நேர்முக உதவியாளருக்கும் (சத்துணவு) எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையா, 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். "மாவட்டத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எந்தெந்தப் பள்ளிக்குப் போனது?" இந்த ஒரு கேள்வி போதும்.

"இடம் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். மண்சட்டி, தகர டின், பழைய மாவுப் பையில்கூடச் செடி வைக்கலாம் என்று அந்த வழிகாட்டுதலே சொல்கிறது.

அப்புறம், தோட்டத்தில் காய் வருகிறது என்று சொல்லிக் கடையில் வாங்கும் காயைக் குறைத்துவிடுவார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம், 6 முதல் 8ஆம் வகுப்புக்கு 75 கிராம் காய்கறி விதிப்படி உண்டு. தோட்டத்துக் காய் அதற்கு மேல் வர வேண்டியது.

மே மாதம் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதையும் அதே தீர்மானத்தில் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். டீச்சரின் கத்தரிச் செடிகள் அந்த ஒரு மாதத்தில்தான் கருகின.