வாக்குச்சீட்டில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள்

போன வாரம் கைப்பேசிக்கு இன்னொரு படம் வந்தது. வகுப்புத் தலைவர் தேர்தலாம். மைலோ டின், மூடியில் கீறிய துளை, மேசை மேல் கொட்டிய சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் வாக்குப் போட்ட பிள்ளையின் பெயர்! ஏன் என்று கேட்டால், "யாரும் ரெண்டு தடவை போடக் கூடாதில்லையா டீச்சர்" என்கிறார் அந்த இளம் ஆசிரியை. இந்த ஆண்டில் இது எனக்கு நான்காவது.

இரண்டு தடவை போடாமல் பார்ப்பது பெயர்ப்பட்டியலின் வேலை. பட்டியலில் பெயரைக் கோடிட்டு, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து (வகுப்புக்கு மார்க்கர் போதும், சட்டையில் படாமல் பாருங்கள்), அதன்பின் வெறும் சீட்டைக் கொடுங்கள். நம் மலேசியாவின் உண்மைத் தேர்தலில் வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தால் அந்தச் சீட்டு செல்லாது. அப்படிப் பார்த்தால் அந்த டின்னில் இருந்த ஒன்றுகூடத் தேறாது.

"சின்னப் பிள்ளைகள்தானே, இதில் என்ன ரகசியம்?" இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பேசுகிறவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறவர் யார்? வகுப்புத் தலைவர். அவருக்கு எதிராகப் போட்டது நாளைக்குத் தெரிந்துவிடும் என்றால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கையைத் தூக்கச் சொல்வதும் இதே கதைதான். கொஞ்சம் பின்னால் நின்று பாருங்கள். முதலில் இருவர் தூக்குவார்கள். மற்றவர்கள் திரும்பி அவர்களைப் பார்த்துவிட்டு மெல்லத் தூக்குவார்கள்.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை, சாப்பாட்டைத்தான். அட்டைப்பெட்டி மறைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் குறி போட்டு, மடித்துப் போட வேண்டும். 31 பேர். நாசி லெமாக் 13, தோசை 10, மீ கோரெங் 8. நாசி லெமாக் வென்றதும், "18 பேர் அதைக் கேட்கவே இல்லையே டீச்சர்!" என்று ஒருவன் எழுந்தான். நம் 222 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் முடிவு இப்படித்தான் வருகிறது, கூடுதல் வாக்கு வாங்கியவருக்கே இடம். ஆட்சிக்கு மட்டும் பாதிக்கு மேல், அதாவது 112 வேண்டும். 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் யாருக்கும் அது கிடைக்காமல், 24-ஆம் தேதிதான் பிரதமர் பதவியேற்றார். சரி, அன்றைய பாடம் அந்தச் சண்டையிலேயே போனது. எனக்கு வருத்தமில்லை.

உண்மையான கட்சிக் கொடி, சின்னம் வகுப்புக்குள் வேண்டாம். போட்டியிட்டவர்கள் முன்னிலையில் எண்ணுங்கள். மிட்டாய் கொடுத்து வாக்குக் கேட்டால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், அங்கேயே நிறுத்திப் பேசுங்கள்.

2021 டிசம்பர் 15 முதல், ஒருவருக்கு 18 வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே ஏறிவிடுகிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இன்னும் ஏழு ஆண்டுதான்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை மை வைத்த விரலோடு வீட்டுக்கு வந்தால் "யாருக்குப் போட்டே?" என்று கேட்காதீர்கள். கேட்டு, "சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டால், தயவுசெய்து அதோடு விட்டுவிடுங்கள்.